கோடு போட்ட அரிசி டின்னு: இந்த மாசம் வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இதே பக்கத்துல தூக்கம் வரலன்னு கேட்ட ஒருத்தருக்கு, நேரத்துக்கு சாப்பிடுங்க, கவலைய தூக்கி ஓரமா வைங்க, தூக்கம் தானா வரும்னு எழுதியிருந்தேன். அதை படிச்சிட்டு வண்டிப்பெரியார்ல இருந்து ஒரு தங்கச்சி லெட்டர் போட்டிருக்காங்க. படிச்சதும் எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு, ஏன்னா நான் எழுதினது சாப்பாட்டுக்கு வழி இருக்குறவங்களுக்கு மட்டும் பொருந்துற பதில். அந்த தங்கச்சி கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன். இந்த மாசம் பசியும் மனசும் சம்பந்தப்பட்ட கேள்விங்களை மட்டும் எடுத்திருக்கேன், எல்லாமே நம்ம தமிழ்நாடு-கேரளா பார்டர் பக்கத்து ஆளுங்க எழுதினது தான், யார் பேரும் போடல.

கேள்வி: அக்கா, நேரத்துக்கு சாப்பிட சொன்னீங்க. தேயிலை எஸ்டேட் லயத்துல (வரிசை வீட்டுல) இருக்கோம், எஸ்டேட்ல சம்பளம் ஒழுங்கா வராததால ஏலக்காட்டுக்கு கூலிக்கு போறோம், காய் எடுப்பு முடிஞ்சதுல இருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் வேலை கிடைச்சா பெருசு. பிள்ளைங்களுக்கு போட்டுட்டு எனக்கு பசிக்கல, வேலை எடத்துல சாப்பிட்டேன்னு சொல்லிட்டு கட்டஞ்சாயா (பால் போடாத டீ) குடிச்சு படுத்துருவேன். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சு முழிப்பு வந்துரும், கை நடுங்கும், இன்னும் எத்தனை டம்ளர் அரிசி இருக்குன்னு எண்ணிட்டே விடிஞ்சிரும். ஆஸ்பத்திரியில கேஸ் ட்ரபுள்னு மாத்திரை குடுத்தாங்க. சில நாள் விடியாமலே போனா நல்லாருக்கும்னு தோணுது. எனக்கு பைத்தியம் பிடிக்குதா?
(வண்டிப்பெரியார்)

பதில்: தங்கச்சி, கடைசியில எழுதியிருக்கீங்களே அதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். விடியாம போனா நல்லாருக்கும்ங்கிற நினைப்பு வர்ற ராத்திரி தனியா உக்காந்திருக்காதீங்க, வீட்டுக்காரரை எழுப்பி சொல்லுங்க, இல்ல பக்கத்து வீட்டு கதவை தட்டுங்க. யாருகிட்டயும் சொல்ல வாய் வரலன்னா 14416-க்கு போன் போடுங்க. டெலி மனஸ்னு 2022 அக்டோபர்ல சென்ட்ரல் கவர்மென்ட் ஆரம்பிச்சது, காசு இல்ல, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். கேரளாவுல திசான்னு 1056 நம்பரும் இருக்கு. இந்த ரெண்டு நம்பரையும் லயத்து சுவத்துல எழுதி வைங்க, உங்களுக்கு மட்டும் தேவைப்படுற நம்பர் இல்ல அது.

பைத்தியம் எல்லாம் பிடிக்கல. ஐ.நா.வோட உணவு அமைப்பு ஒரு நாட்டுல எத்தனை பேருக்கு சாப்பாட்டுக்கு வழி இல்லன்னு அளக்க எட்டு கேள்வி வச்சிருக்காங்க, 2014-ல இருந்து உலகம் முழுக்க இதை தான் கேக்குறாங்க. ஒரு நாள் முழுக்க பட்டினியா இருந்தீங்களான்றது அதுல எட்டாவது கேள்வி. முதல் கேள்வி என்ன தெரியுமா, போன 12 மாசத்துல காசு இல்லாம சாப்பாடு பத்தாம போயிருமோன்னு கவலைப்பட்டீங்களான்னு தான். அதாவது பானையில சோறு இருக்கும்போதே, நாளைக்கு இருக்குமான்னு வர்ற பயத்தையே அவங்க முதல் படியா எடுத்துக்கிறாங்க. நீங்க ராத்திரி ரெண்டு மணிக்கு டம்ளர் எண்ணுறீங்களே, அது தான் அந்த முதல் கேள்வி. அது உங்க பலவீனம் கிடையாது.

2017-ல மிச்சிகன் யூனிவர்சிட்டியை சேர்ந்த ஆண்ட்ரூ ஜோன்ஸ் இந்த எட்டு கேள்விக்கு 149 நாட்டு ஜனங்க சொன்ன பதிலை எடுத்து, அவங்க மனநிலைய பத்தி சொன்னதோட வச்சு பார்த்தார். சாப்பாட்டு பயம் ஒரு படி ஏற ஏற மனசு ஒரு படி கீழ போகுது, வருமானத்தை தனியா கழிச்சு பார்த்தாலும் அப்படித்தான் வருது. அதனால உங்களுக்கு மட்டும் ஏதோ ஆயிருச்சுன்னு நினைக்காதீங்க.

இனி அந்த படபடப்பு. ரொம்ப நேரம் வயித்துல ஒண்ணும் இல்லன்னா ரத்தத்துல சர்க்கரை இறங்கும், அதை ஏத்துறதுக்கு உடம்பு அட்ரினலின், கார்டிசால்னு ஹார்மோனை விடும், பாம்பை பார்த்து பயந்தா வர்றதும் இதே ஹார்மோன் தான், அதனால தான் நெஞ்சு அடிக்குது, வேர்க்குது, கை நடுங்குது. உடம்பு ஆரம்பிச்சு வைக்குது, மனசு அதுக்கு ஒரு காரணம் தேடுது, உங்க மனசுக்கு காரணம் ரெடியா அரிசி டின்னுக்குள்ள இருக்கு. வெறும் வயித்துல குடிக்கிற கட்டஞ்சாயா அந்த அடிப்பை இன்னும் கூட்டும். ராத்திரி அந்த சாயாவ விட்டுட்டு ஒரு கரண்டி சோத்துல தண்ணி ஊத்தி உப்பு போட்டு கஞ்சியா குடிச்சிட்டு படுங்க, அந்த ஒரு கரண்டிய பிள்ளைங்க தட்டுல இருந்து எடுத்தாலும் பிள்ளைங்களுக்கு நல்லது தான், ராத்திரி முழுக்க தூங்கின அம்மா காலைல அவங்களுக்கு வேணும். அடுத்து, ஆஸ்பத்திரியில நீங்க சாப்பிடலன்னு சொன்னீங்களா? சொல்லியிருக்க மாட்டீங்க, யாரும் சொல்றதில்ல, கூச்சம். இந்த தடவை குடும்பாரோக்ய கேந்திரத்துக்கு (கவர்மென்ட் ஆரம்ப சுகாதார நிலையம்) போய் நேரா சொல்லுங்க, டாக்டர், நான் ராத்திரி சாப்பிடறதில்ல, அரிசி பத்தல, தூக்கம் வரல, சாகணும்னு தோணுதுன்னு. ரத்தத்துல ஹீமோகுளோபின் பார்க்க சொல்லுங்க, ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும்.

எங்க அம்மா கதைய சொல்றேன். 2000-க்கு அப்புறம் பீர்மேடு பக்கம் எஸ்டேட் வரிசையா மூடினது உங்க லயத்து பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாங்க இருந்த எஸ்டேட்டும் மூடிருச்சு. எங்க வீட்டுல பிஸ்கட் டின்னு மாதிரி சதுரமா ஒரு அரிசி டின்னு இருந்துச்சு. அம்மா அதுக்கு உள்பக்கம் பென்சில்ல கோடு போட்டு வச்சிருப்பாங்க, மேல இருந்து கீழ வரைக்கும் அஞ்சாறு கோடு, பக்கத்துல ஞா, பு, வெ-ன்னு எழுதியிருக்கும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் அரிசி இந்த கோட்டுக்கு கீழ போகக் கூடாது, புதன் வரைக்கும் அந்த கோட்டுக்கு கீழ போகக் கூடாதுன்னு கணக்கு. அரிசி கோட்டை தாண்டிருச்சுன்னா அன்னைக்கு அம்மாவுக்கு பசிக்காது. அவங்க எரிஞ்சு விழுவாங்க, திடீர்னு அழுவாங்க, கூப்பிட்டா திரும்பி பார்க்க மாட்டாங்க, எங்க அம்மாவுக்கு எங்க மேல பிரியம் இல்லன்னு நான் ரொம்ப நாள் நினைச்சிருக்கேன். இன்னைக்கு எனக்கு மாச சம்பளம் வருது, வீட்டுல அரிசி மூட்டையா இருக்கு, ஆனாலும் ராத்திரி லைட் அணைக்கிறதுக்கு முன்னாடி மூடிய தூக்கி ஒரு தடவை பார்த்துட்டு தான் படுக்கிறேன். வயிறு நிறைஞ்சதும் அந்த பயம் போயிடும்னு உங்க கிட்ட பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமா குறையும், பேசினா இன்னும் சீக்கிரம் குறையும்.

ரேஷன் விஷயம் ஒண்ணு பாருங்க. உங்க கார்டு என்ன கலர்? கேரளாவுல மஞ்சளும் பிங்க்கும் தான் 2013 உணவு பாதுகாப்பு சட்டத்துக்குள்ள வர்ற கார்டு. மஞ்சளுக்கு குடும்பத்துக்கு 35 கிலோ, பிங்க்குக்கு தலைக்கு 5 கிலோ, 2023 ஜனவரியில இருந்து சென்ட்ரல் கவர்மென்ட் அதுக்கு காசு வாங்குறதில்ல. நீலம், வெள்ளைன்னா அந்த சலுகை கிடையாது. கூலி வேலை பார்க்குற குடும்பத்துக்கு வெள்ளை கார்டு இருக்குறதை நானே பார்த்திருக்கேன், பல வருஷம் முன்னாடி யாரோ எதையோ எழுதினது அப்படியே நிக்குது. கார்டு மாத்த அரசாங்கம் அப்ளிகேஷன் வாங்குறப்ப, ஆன்லைன்ல போட்டுக் குடுக்குற அக்ஷயா சென்டர்ல போய் போடுங்க, சின்ன பிள்ளை பேர் கார்டுல ஏறியிருக்கான்னும் பாருங்க, பிங்க் கார்டுல ஒரு பேர் விட்டுப் போனா மாசம் 5 கிலோ போச்சு.

ஒருவேளை உங்க கார்டு கம்பம், உத்தமபாளையம் பக்கம் தமிழ்நாட்டுலயே இருந்துச்சுன்னா அதுல பி.எச்.எச்.னு (முன்னுரிமை குடும்பம்) போட்டிருக்கான்னு பாருங்க. போட்டிருந்தா ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்துல கேரளா கடையில கைரேகை வச்சே வாங்கலாம், பாதிய இங்க நீங்க வாங்கிட்டு மீதிய ஊர்ல மாமியார் வாங்கலாம். என்.பி.எச்.எச்.னு இருந்தா அந்த அரிசி தமிழ்நாட்டு அரசு தன் காசுல குடுக்குறது, பார்டர் தாண்டி வராது. இந்த வித்தியாசம் தெரியாம கடைக்காரர் கிட்ட சண்டை போட்டு அவமானப்பட்டு வந்து எத்தனையோ பேர் என் கிட்ட அழுதிருக்காங்க.

கேள்வி: மேடம், கம்பம்மெட்டு வழியா ஜீப்புல தினமும் ஏலத்தோட்டத்துக்கு போற ஆளு நான். காலைல நாலரைக்கு கெளம்பினா ஒரு டீ தான். வேலை இல்லாத வாரத்துல அதுவும் இல்ல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா சின்ன விஷயத்துக்கு கூட சுள்ளுன்னு கோவம் வருது, போன வாரம் வீட்டுக்காரிய கை நீட்டிட்டேன். பசி வந்தா பத்தும் பறக்கும்னு சொல்றது இது தானா?
(கம்பம்)

பதில்: பசிக்கு கோவம் வரும்ங்கிறது உண்மை. 1944 கடைசியில அமெரிக்காவுல மினசோட்டா யூனிவர்சிட்டியில ஆன்செல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி 36 இளைஞர்களை வச்சு ஒரு சோதனை பண்ணார், எல்லாரும் போருக்கு ஆயுதம் எடுக்க மாட்டோம்னு சொன்னவங்க, உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு செக் பண்ணி எடுத்தவங்க. 24 வாரம் சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாக்கினாங்க. சாந்தமா இருந்த பசங்க எரிச்சல்காரங்களா ஆயிட்டாங்க, பேச்சு நின்னு போச்சு, சிரிப்பு போச்சு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புக்கை உக்காந்து படிக்கிறாங்க, தட்டை நக்குறாங்க. திரும்ப சாப்பாடு குடுத்த பிறகும் பழைய ஆளா மாற மாசக்கணக்குல ஆச்சு. அவங்களுக்கு சோதனை என்னைக்கு முடியும்னு தேதி தெரியும், உங்களுக்கு அதுவும் தெரியாது.

ஆனா அண்ணே, கை நீட்டினதுக்கு பசிய காரணமா நான் எழுதிக் குடுக்க மாட்டேன். அதே வீட்டுல உங்க வீட்டுக்காரியும் தான் பசியா இருக்காங்க, அதிகமா அவங்க தான் கடைசியா சாப்பிடுறாங்க, அவங்க யாரையும் அடிக்கல. போய் மன்னிப்பு கேளுங்க. சாயங்காலம் வீட்டு வாசல் மிதிக்கிறதுக்கு முன்னாடி ஜீப் நிக்கிற எடத்துலயே ரெண்டு வாழைப்பழமோ ஒரு கை பொரிகடலையோ சாப்பிடுங்க, தண்ணி குடிங்க, பத்து நிமிஷம் கழிச்சு வீட்டுக்குள்ள போங்க. அப்பவும் கை ஓங்குதுன்னா அது வேற பிரச்சனை, 14416-ல பேசுங்க. இதை படிக்கிற அக்கா தங்கச்சிங்களுக்கு, பொம்பளைங்களுக்கு உதவி பண்ற 181 நம்பர் ரெண்டு ஸ்டேட்லயும் இருக்கு.

கேள்வி: குமுளியில கடை வச்சிருக்கேன். ரேஷன்ல அரிசி சும்மா தர்றாங்க, ஓணத்துக்கு கிட்டு தர்றாங்க, இன்னும் பசி பசின்னு எழுதறது நியாயமா?

பதில்: நீங்க கடைக்காரர், கணக்கு தெரிஞ்சவர், அதனால கணக்காவே சொல்றேன். தலைக்கு மாசம் 5 கிலோன்னா ஒரு நாளைக்கு 170 கிராம் கூட வராது, அதுல கிடைக்கிறது 600 கலோரிக்குள்ள. மலையில கூடை சுமந்து ஏறி இறங்குற ஒரு பொம்பளைக்கு 2000-க்கு மேல வேணும். மீதிக்கு எண்ணெய், பருப்பு, வெங்காயம், கேஸ் எல்லாம் உங்க கடையில தான் வாங்கணும், உங்க கடன் நோட்டுல எத்தனை லயத்து பேர் இருக்குன்னு ஒரு தடவை புரட்டி பாருங்க. 2024 கோடையில ஏலச்செடி கருகினப்ப அந்த நோட்டு எவ்வளவு தடிமனா ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். வெறும் சோறும் ஊறுகாயும்னு மாசக்கணக்கா ஓட்டினா இரும்புச்சத்தும் பி12-ம் குறையும், ரெண்டும் குறைஞ்சா அசதி, மறதி, எதுலயும் பிடிப்பில்லாம போறது எல்லாம் வரும், பார்க்குறவங்க சோம்பேறின்னு சொல்லுவாங்க. நம்ம நாட்டுல 15-ல இருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு அரசாங்க சர்வேயே சொல்லுது. (தேயிலை காட்டுக்காரங்க எல்லாருக்கும் ஒண்ணு, சோத்தோட சேர்த்து சாயா குடிக்காதீங்க, சாப்பாட்டுல இருக்குற கொஞ்ச இரும்புச்சத்தும் உடம்புல சரியா ஏறாது, ஒரு மணி நேரம் போகட்டும். முருங்கைக்கீரைக்கு ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிஞ்சுக்கங்க.)

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியத்துல டீச்சரா இருக்கேன். எட்டாம் கிளாஸ் வரைக்கும் நல்லா படிச்ச ஒரு பொண்ணு ஒன்பதாம் கிளாஸ் வந்ததுல இருந்து மதியத்துக்கு மேல தலைய கவுத்து படுத்துக்கிறா, யார் கூடவும் சேர்றதில்ல, கேட்டா அழறா. காதல் கீதல்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிறாங்க.

பதில்: டீச்சர், எட்டாவது வரைக்கும் நல்லா இருந்தான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கேரளாவுல மதிய சாப்பாட்டு திட்டம் எட்டாவதோட முடிஞ்சிருது. வாளையார் தாண்டி தமிழ்நாட்டு பக்கம் இருந்தா பத்தாவது வரைக்கும் சத்துணவு உண்டு, கேரளா பக்கத்துல அதே வயசு பிள்ளை மதியம் குழாயில தண்ணி குடிச்சிட்டு வருது. காதலா இருக்கலாம், வேற கஷ்டமாவும் இருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல, ஆனா முதல்ல அவ டிபன் பாக்ஸை பாருங்க, கொண்டு வர்றாளா, கொண்டு வந்தா தனியா போய் திறக்குறாளா, இல்ல திறக்கிறதே இல்லையான்னு. வயசுக்கு வந்த பொண்ணு, ரத்தப்போக்கும் சேர்ந்து ரத்தம் குறையும், சாப்பாடும் இல்லன்னா தலைய நிமித்த முடியாது.

கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சாப்பிட்டியான்னு கேக்காதீங்க, அந்த ஒரு கேள்விக்கே பயந்து நாளைக்கு லீவு போட்ருவா. மதியம் சத்துணவு விளம்புறதுக்கு உதவி ஆள் வேணும்னு ரெண்டு மூணு பெரிய பிள்ளைங்களை கூப்பிடுங்க, அவளும் அதுல ஒருத்தியா இருக்கட்டும், விளம்பி முடிச்சவங்களுக்கும் ஒரு தட்டு உண்டுன்னு ஹெட்மாஸ்டர் கிட்ட பேசி வைங்க. ஸ்கூல் கவுன்சிலர் இருந்தா ரெண்டு வாரம் கழிச்சு பேச சொல்லுங்க, சாப்பிட்ட பிறகு அவ பேசுறது வேறயா இருக்கும்.

கேள்வி: அண்ணனுக்கு மனநோய்க்கு மாத்திரை குடுக்குறாங்க. நல்லா ஆயிட்டு வந்தான், ஆனா மாத்திரை போட்டதுல இருந்து பசி பசின்னு பானைய வழிச்சு சாப்பிடுறான், மத்தவங்களுக்கு சோறு மிஞ்சல. அம்மா மாத்திரைய நிறுத்திட்டாங்க. டாக்டர் கிட்ட சொல்ல பயமா இருக்கு.
(வண்டன்மேடு)

பதில்: உங்க அம்மா மேல எனக்கு கோவமே வரல, நாலு வயித்துக்கு நடுவுல நின்னு எடுத்த முடிவு அது. ஆனா மாத்திரைய திடீர்னு நிறுத்தினா நோய் பழையபடி, சில சமயம் முன்ன விட மோசமா திரும்பும், அதனால இந்த வாரமே டாக்டர் கிட்ட போகணும். ஒலான்சபின் மாதிரி சில மருந்துக்கு பசிய தூண்டுற குணம் இருக்கு, எடையும் சர்க்கரையும் கூட ஏறும், உங்க அண்ணன் பேராசை பிடிச்சு சாப்பிடல. அவ்வளவா பசிய தூண்டாத மருந்தும் இருக்கு, மாத்த முடியுமான்னு டாக்டர் தான் பார்த்து சொல்லணும். போய் இப்படியே சொல்லுங்க, சார், இந்த மாத்திரை போட்டா எங்க வீட்டுல சோறு பத்தலன்னு. மருந்துக்கு காசு தான் பிரச்சனைன்னா மாவட்ட மனநல திட்டத்து கேம்ப் தாலுகா ஆஸ்பத்திரி பக்கம் நடக்கும், மாத்திரை இலவசம்.

அண்ணனுக்கு மாற்றுத்திறனாளி சான்று எடுத்துடுங்க, 2016 சட்டத்துல மனநோயும் சேரும், 40 சதவீதத்துக்கு மேலன்னு டாக்டர் குழு எழுதினா ரேஷன் கார்டு மாத்த அப்ளை பண்ணும்போது அந்த சான்று பெரிய பலம். பார்த்துக்கிற ஆளுக்கு ஆஸ்வாசகிரணம்னு கேரள அரசோட ஒரு சின்ன உதவித்தொகையும் இருக்கு, பஞ்சாயத்துலயோ அங்கன்வாடி டீச்சர் கிட்டயோ கேளுங்க.

கேள்வி: பக்கத்து வீட்டுல அடுப்பு எரியறதில்லன்னு தெரியுது. கொண்டு போய் குடுத்தா வாங்க மாட்டேங்குறாங்க, பேச்சே நின்னு போச்சு. என்ன பண்ண?
(ஆரியங்காவு)

பதில்: வாங்கினா தலை குனிஞ்சிரும்னு நினைக்கிறாங்க. அதனால குடுக்கப் போகாதீங்க, கேக்கப் போங்க. எங்க லயத்துல கடைசி வீட்டு அத்தை சனிக்கிழமையானா ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் தூக்கிட்டு எங்க அம்மா கிட்ட வருவாங்க, எனக்கு தோள்பட்டை வலி, உன் ஆட்டுக்கல்லுல ஆட்டிக் குடு தாயின்னு. ஆட்டினதுக்கு பாதி மாவை விட்டுட்டு போயிருவாங்க, வச்சா புளிச்சிரும், எங்க வீட்டுல தின்ன ஆள் இல்லன்னு சொல்லுவாங்க. அம்மா அதை ஒரு நாளும் தர்மமா நினைக்கல, கூலியா நினைச்சாங்க, அன்னைக்கு மட்டும் எங்க கூட உக்காந்து அவங்களும் ரெண்டு தோசை சாப்பிடுவாங்க.

உங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன கை வேலை நல்லா வரும்னு பாருங்க, மாவு ஆட்டுறதோ, துணி தைக்கிறதோ, உங்க பிள்ளைக்கு தமிழ் எழுத சொல்லிக் குடுக்குறதோ, அதை கேளுங்க. போய் வர பேச்சு பழகின பிறகு ராத்திரி தூங்குறீங்களான்னு மெதுவா கேட்டு பாருங்க, இல்லன்னு தலைய ஆட்டினாங்கன்னா அவங்க போனை வாங்கி 14416-ஐ நீங்களே சேவ் பண்ணி குடுங்க, முதல் தடவை போன் பண்றப்ப பக்கத்துல உக்காந்துக்கங்க.